மாப்பிள்ளையின் மூன்று செட்டு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கறை எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அதைப் பற்றித்தான் ஒரு கதை சொல்லப்போகிறேன்.

உத்திரமேரூர் பக்கம் ஒரு சலவைக் கம்பெனியில் இருந்தேன். தொழிற்சாலைகளுக்கு உடுப்பை வாடகைக்குக் கொடுப்போம். ஆளுக்கு மூன்று செட்டு. ஒன்று உடம்பில், ஒன்று பெட்டியில், ஒன்று எங்கள் மெஷினில். காலரில் நம்பர் தைத்திருக்கும். ஒருவன் துணி இன்னொருவனுக்குப் போகாது. உலைக்கு முன்னால் நிற்பவர்களின் சாம்பல் நிற உடுப்பு தனி ரகம். பொறி பட்டாலும் பற்றாது.

"சிட்டம்மா, இதுல மட்டும் ப்ளீச் படக்கூடாது. பட்டுக்கினே இருந்தா பொறி தாங்காது, வெறுந்துணிதான்" என்று சூப்பர்வைசர் வேதகிரி முதல் நாளே சொன்னார். எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் என் மருமகன் ஆல்வின், உலை வேலைக்காரன். தங்கமான பிள்ளை. என் ஒரே மகள் ஷீபாவோடு அடுத்த தெருவில் இருந்தான். ஆனி மாதம் வந்து சொன்னான்: "அத்தே, ஓசூர்ல வேல கெடச்சிக்கீது. கிறிஸ்மஸ் முடிஞ்சதும் கெளம்பறோம்."

"யம்மா, நீயும் அப்பப்ப வந்துட்டுப் போ" என்றாள் ஷீபா. விருந்தாளியிடம் சொல்வதுபோல.

கையில் சின்னக் காயம் பட்டால் போதும், ஓசூர்க்காரன் வேண்டாமென்று சொல்லிவிடுவான். அவ்வளவுதான் நினைத்தேன். வாராவாரம் அவன் துணியை மட்டும் ப்ளீச்சில் ஊறவைத்தேன்.

"அத்தே, என் துணி மட்டும் புதுசாட்டம் கீது. மாமியா கைராசின்னு ஷிஃப்டே என்ன ஓட்டிக்கினு கீது."

"மாப்பிள்ளைக்குன்னா கை தானா ஓடும், நைனா. போட்டுக்கோ."

கார்த்திகையில் ஒரு பொறி தெறித்தது. கையோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தான். "ஷீபாவப் பாத்துக்க, அத்தே" என்றான். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மீதி இரண்டு செட்டும் வேனில் திரும்பி வந்தன. கிழியாத துணியைக் கம்பெனி வீணாக்காது. நம்பரை மாற்றி அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடும். அவன் நம்பரை நானே பிரித்தேன். புதிதாகச் சேர்ந்த வினோத்குமாரின் நம்பரை நானே தைத்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் ஷீபாவுக்குத் தெரிந்துவிடுமே. வினோத்குமார் இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் உலைக்கு முன்னால் நிற்கிறான்.

ஷீபா இப்போது என் வீட்டில்தான். பேசுவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஊட்டினால் வாயைத் திறக்கிறாள். சின்னதில் எப்படியோ, அப்படியே.

சரி, போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் நோய்நொடி அண்டாதிருக்கட்டும். நீங்கள் பெற்ற பெண்ணும் உங்களை விட்டு எங்கும் போகாமல், இப்படியே கூட இருக்கட்டும்.