அம்மா காட்டிய அட்டை

பெயர்: கியோனா ப்ரூயிட். வயது: 20. தாயார் பெயர்: லவோன் ப்ரூயிட். தொழில்: பொது நூலகத்தில் பகுதி நேர வேலை, புத்தகம் அடுக்குவது. ஊர்: யங்ஸ்டவுன், ஒஹாயோ மாநிலம். முகவரி: தற்சமயம் நிலையாக இல்லை, கடிதங்களைத் தாயார் செல்லும் சர்ச்சின் வழியாகப் பெற்றுக்கொள்கிறேன்.

லிண்டன் கோர்ட் குடியிருப்பு நிர்வாகம் என் தாயாரை வீட்டிலிருந்து வெளியேற்றக் கோரித் தொடுத்துள்ள வழக்கில், நீதிமன்ற எழுத்தர் முன்பு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

நான் பிறவியிலேயே அரிவாள் செல் நோய் உள்ளவள். இரத்த அணுக்கள் வளைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்போது கைகால் எலும்புகளிலும் முதுகிலும் நெஞ்சிலும் வலி வரும். குளிர் பட்டால் சீக்கிரம் வரும். பதினெட்டு வயது வரை குழந்தைகள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றேன். அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். அதன் பிறகு பெரியவர்களுக்கான மருத்துவமனைக்கு மாற்றப்பட்டேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. வலியோடு அவசரப் பிரிவுக்குப் போகும்போதெல்லாம் நான் போதைக்காக ஊசி கேட்பதாகச் சந்தேகப்பட்டார்கள். அதனால் என் தாயார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எவ்வளவு வலி இருந்தாலும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டு, தலை வாரி, காதில் முத்துத் தோடு மாட்டிய பிறகுதான் காரில் ஏற்றுவார். "பாத்தா நம்புற மாதிரி போகணும் பேபி" என்பார். அந்தச் சட்டைக்குள் கையை நுழைப்பதற்கே அழுதிருக்கிறேன்.

சென்ற வருடம் இலையுதிர் காலத்தில் அப்படிப் போயிருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு செவிலியர் இன்னொருவரிடம், "அந்த முத்துத் தோட்டுக்காரி மறுபடியும் வந்துட்டா. சர்ச்சுக்குப் போற வழியில ஒரு ஊசி போட்டுக்கிட்டுப் போலாம்னு நினைச்சிருப்பா" என்று சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது. என் தாயார் என் காதிலிருந்து தோடுகளைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகுதான் வலிக்கு மருந்தாகக் கஞ்சா வாங்க மாநில அரசு தரும் மருத்துவக் கஞ்சா அட்டைக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தோம். இருபத்தொரு வயது நிறைந்தவர்களுக்கு இந்த மாநிலத்தில் அட்டையே தேவையில்லை, எனக்கு நிறையவில்லை. மாநிலத்தில் பதிவு பெற்ற டாக்டர் ஹெய்ன்ஸ் என் பழைய மருத்துவக் குறிப்புகளைப் படித்துவிட்டு, "நீங்க எனக்கு எதையும் நிரூபிக்க வேண்டாம். உங்க வியாதி பேரே பட்டியல்ல இருக்கு. உங்களுக்குத் தகுதி இருக்கு" என்றார். அவ்வளவுதானா என்று என் தாயார் திரும்பத் திரும்பக் கேட்டார். திரும்பி வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அட்டை மின்னஞ்சலில் வந்தது. கஞ்சா மருந்து விற்கும் கடையில் காட்ட, கைபேசியில் இருந்த பிரதியே எனக்குப் போதும். ஆனாலும் என் தாயார் அதை மருந்துக் கடையின் புகைப்படப் பிரிவில் அச்செடுத்து, லேமினேட் செய்து, தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். என் தங்கை நவோமி, "அக்கா, இனிமே நீ லைசென்ஸ் வாங்கின வலிக்காரி. சந்தேகப்பட்டவங்களுக்கு ஃபைன் போடு" என்று கேலி செய்தாள். நான் புகைத்ததில்லை. நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்தாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். அதற்கு வாசனை கிடையாது. பனிக்காலத்தின் முதல் பாதி முழுவதும் நான் அவசரப் பிரிவுக்குப் போகவில்லை.

அதன் பிறகு ஜனவரியில், எங்கள் மாடியில் கஞ்சாப் புகை வாசனை வருவதாக யாரோ புகார் கொடுத்ததன் பேரில், கட்டிட மேலாளர் திருமதி ஓடெசா ட்ரம்மண்டும் நிர்வாகம் அனுப்பிய ஓர் ஆய்வாளரும் வீடு வீடாக வந்தார்கள். திருமதி ட்ரம்மண்ட் என் தாயாருடன் சர்ச்சில் ஒரே பாடகர் குழுவில் இருப்பவர். "லவோன், உங்க வீட்டுல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். சும்மா கேட்டுட்டுப் போறோம்" என்றார். ஆய்வாளர் என்னைப் பார்த்து, "வீட்ல வயசுப் பொண்ணு இருக்கு போல" என்றார். அதைக் கேட்டதும் என் தாயார் உள்ளே போய்க் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து வந்தார். திருமதி ட்ரம்மண்ட் உடனே, "சிஸ்டர், அத உள்ள வைங்க. நான் ஒண்ணும் பாக்கல" என்றார். அவர் என்னை நம்பவில்லை என்று என் தாயார் எடுத்துக்கொண்டார். "ஏன் பாக்கல? கண்ணாடியப் போட்டுக்கிட்டு நல்லாப் பாருங்க. முத்திரை இருக்கு. என் பொண்ணு நிஜமாவே வியாதிக்காரின்னு கவர்மென்ட்டே எழுதிக் குடுத்திருக்கு" என்றார். ஆய்வாளர் அதைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். படம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக என் தாயார் அட்டையைத் தன் சட்டைக் கையில் துடைத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு வெளியேற்ற அறிவிப்பு வந்தது. கஞ்சாவை மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் மத்திய அரசுச் சட்டம் அனுமதிக்கவில்லை என்றும், எங்கள் கட்டிடம் மத்திய அரசின் உதவியில் நடப்பது என்றும் அதில் கண்டிருந்தது. புகைத்தது யார் என்பது கடைசி வரை தெரியவில்லை. இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் திரு. ஃபெல்டரிடம், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதுமா என்று கேட்டேன். போதாது என்றார். "பொண்ணு பேரை வாடகை ஒப்பந்தத்துல இருக்கிற குடும்பப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டா வழக்கை வாபஸ் வாங்கிக்கிறாங்களாம். ஆனா பொண்ணு விருந்தாளியாக்கூட அந்தக் கட்டிடத்துக்குள்ள வரக் கூடாது" என்று என் தாயாரிடம் சொன்னார். என் தாயார், "உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா சார்?" என்று கேட்டார். இரண்டு என்றார். "அதுல எதை எடுத்துடலாம்னு சொல்லுங்க, நானும் எடுத்துடறேன்" என்றார். வழக்கறிஞர் பேனாவை மூடி வைத்தார்.

அதன் பிறகு, என் தாயார் முதியோர் இல்லத்துச் சலவை வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், துணிகளையும் போர்வையையும் சொட்டு மருந்தையும் சில புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு நானாகவே வீட்டை விட்டு வெளியேறினேன். அன்று முதல், நூலக வேலைக்குப் போய்வர வைத்திருக்கும் என் பழைய காரில் தூங்குகிறேன். பகலில் நூலகம் சூடாக இருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என் தாயார் நூலகத்துக்கு வந்தார். நான் அடுக்கிக்கொண்டிருந்த அலமாரிகளுக்கு நடுவே நின்று, நூலகம் என்பதால் குரலைத் தாழ்த்தி, "வீடு போனா போகட்டும். நீ வாடி" என்றார். வீடு போனால் நவோமிக்கு அந்தப் பள்ளிக்கூடமும் போய்விடும், வேறு வீடு கிடைக்காது என்று சொன்னேன். "எனக்கு வாய் இருந்துச்சு பாரு. வாய் இல்லாம பொறந்திருக்கலாம்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஒருவர் வந்து கழிவறை எங்கே என்று கேட்டார். நான் வழி காட்டிவிட்டுத் திரும்பியபோது என் தாயார் என் புத்தக வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆகவே, நான் இப்போது லிண்டன் கோர்ட்டில் வசிக்கவில்லை என்றும், இனி வசிக்க மாட்டேன் என்றும், விருந்தாளியாகவும் வர மாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன். வலி மிகுந்து நிதானம் தப்பிய நிலையில் நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டால் என் தாயார் திறக்காமல் இருக்க மாட்டார். அப்படித் திறப்பதை அவர் விதியை மீறியதாகக் கொள்ளக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்டேன். எழுத்தர் எழுதுவதை நிறுத்தி, எதிர்த்தரப்பு வழக்கறிஞரைக் கேட்டு வந்து, அந்த வரி இருந்தால் வழக்கு வாபஸ் ஆகாது என்று தெரிவித்தார். அந்தக் கோரிக்கையை விலக்கிக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக, வலி வந்தால் நான் அந்தத் தெருப் பக்கமே போக மாட்டேன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன, சொன்னவை நடந்தவையே. வலது மணிக்கட்டு வீங்கியிருப்பதால் இடது கையால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கியோனா ப்ரூயிட்