பூப்போட்ட உறை
ஓசூரிலிருந்து வந்த பஸ் சூளகிரியைத் தாண்டியபோது, முன் சீட்டுப் பெண் கணவரின் கன்னத்தில் பதிந்திருந்த கோட்டைப் பார்த்துச் சொன்னார்: “அது மூஞ்சிங்க. போல்ட்டு முடுக்கற மாதிரி முடுக்கறீங்க.”

“பட்டை லூசா இருந்தா மாஸ்க்குல காத்து லீக்காவுது. அப்புறம் தூங்கறப்ப மூச்சு நிக்காம இருக்க குடுத்த மெஷின் எதுக்கு?”

“ரொம்ப இறுக்குனாதான் மாஸ்க் கோணிக்கிட்டு லீக்காவுதுன்னு டாக்டரு சொன்னாரில்ல? என் பழைய நைட்டியை வெட்டி, பட்டை உறுத்தாம இருக்க உறை தெச்சேன். அதையும் கழட்டி வீசிட்டீங்க.”

“பூப்போட்ட துணி. வீட்டுக்கு மாப்ள வந்திருக்காரு, பாத்தா சிரிப்பாரு.”

“தூக்கமில்லாம நேத்து கம்பெனியில பிரஸ் மெஷின்கிட்ட கண்ணசந்தீங்களே, கையி போயிருந்தா?”

அவர் விரல்களை விரிப்பதும் மடக்குவதுமாகவே இருந்தார். கிருஷ்ணகிரியில் இறங்கும்போதுதான் கேட்டார்: “அந்த உறைய எங்க வச்ச?”