நூற்று நாற்பத்தைந்து கிராம்

பார்சலைக் கத்தியால் பிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஒட்டுப்பட்டையின் ஒரு மூலையை நகத்தால் நெம்பி, குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல மெதுவாக உரிக்க வேண்டும். அட்டையைத் திறந்ததும் வருமே ஒரு வாசனை, அதற்கு மூக்கைக் கொடுத்துவிட்டுத்தான் கையைக் கொடுக்க வேண்டும். உங்கள் மேசையில் இருக்கும் அந்த உறையை, இன்ஸ்பெக்டர் மேடம், யாரோ கத்தியால் கீறியிருக்கிறார்கள். பரவாயில்லை. உள்ளே இருக்கும் குப்பி என்னுடைய வேலைதான். அதை மறுக்க வரவில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் நான் எவ்வளவு சந்தோஷமான மனிதன் என்பது உங்களுக்குப் புரியும்.

நான் பல் செட் செய்பவன். டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார், நான் பல் வைத்து அனுப்புவேன். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் சிரிப்புகள் என் மேசையில் வரிசையாக இருக்கும். பத்து வருடமாக அவற்றில் ஒன்றுகூட என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. பிறகு ஒரு நாள் போனில் எதையோ தேடப்போய் ஒரு தூண்டில் கம்பு கண்ணில் பட்டது. அழுத்தினேன். மூன்றாம் நாள் வந்தது. அன்றோடு என் வாழ்க்கை தரையில் நடப்பதை நிறுத்திவிட்டது.

கம்புக்கு ரீல் வேண்டும், ரீலுக்கு நைலான் நரம்பு வேண்டும், நரம்புக்கு முள், முள்ளுக்கு இரை. நான் உயிருள்ள புழுவைக் குத்துகிறவன் இல்லை, எனக்கு மனம் வராது. பிளாஸ்டிக்கில் செய்த பொய் இரைகளைத்தான் வாங்குவேன். தவளை வடிவம், வெட்டுக்கிளி வடிவம், வயிற்றில் மணி வைத்த குட்டி மீன். நூற்றுப் பதினெட்டு இருந்தன. அவற்றைச் சாப்பாட்டு மேசையில் நிறவாரியாக அடுக்கிவிட்டு நிமிர்ந்தால், என் மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

"இதுல எதையாவது மீன் சாப்பிட்டிருக்குதாங்க?" என்று கேட்பாள்.

"மீனுக்கு இன்னும் அந்த ரசனை வரல" என்பேன். இருவரும் சிரிப்போம். சண்டையில்லாத வீடு எங்களுடையது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் உண்மையான திறமை மீன் பிடிப்பதில் இல்லை, ரிவ்யூ எழுதுவதில் இருந்தது. வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதுவேன். எழுத எழுத நாலு வரி நாற்பது வரியானது. ஒரு தக்கையைப் பற்றி நான் எழுதியதைப் படித்து, தக்கையே தேவையில்லாத ஒருவர் ஆறு வாங்கினார். கடைக்காரர்கள் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தங்க மீன் படம் போட்டார்கள். நம்பிக்கைக்குரியவர்களுக்கு மட்டும் கொடுப்பது. அந்த மீனை நான் வளர்த்தேன் என்றே சொல்லலாம். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அதைப் பார்ப்பேன்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அண்ணன். லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை. சொந்தச் சித்தப்பாவின் லாரியையே, நாற்பது கிலோ கூடுதல் என்று திருப்பி அனுப்பியவர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதைப் பழமொழியாக அல்ல, பல் தேய்ப்பதுபோலத் தினசரி ஒழுக்கமாகக் கடைப்பிடித்தவர். ஊரே அவரைத் தராசு என்றுதான் கூப்பிடும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சின்ன எலெக்ட்ரானிக் தராசு இருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வாங்கியிருந்தோம். ஞாயிறு காலைகளில் ஏரிக்குப் போவோம். நான் ஒரு மீனைத் தூக்கி, "ரெண்டு கிலோ இருக்கும் மச்சான்" என்பேன். அவர் வாலைப் பிடித்துத் தராசில் மாட்டுவார்.

"ஒண்ணு முன்னூத்தி நாப்பது. மிச்ச அறுநூத்தி அறுபது உங்க வாய்ல இருக்கு மாப்பிள்ளை."

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இப்போதும்தான்.

போன மாதம் லைஃப் ஜாக்கெட் வந்தது. ஒரே மாதிரி இரண்டு, ஆளுக்கு ஒன்று. பழைய ஜாக்கெட்டுகள்போலத் தலையணையைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்காது. கழுத்தில் ஒரு துண்டு போட்ட மாதிரி மெல்லிசு. தண்ணீர் பட்டதும் உள்ளே ஒரு மாத்திரை கரையும், ஊசி போய்க் குப்பியைக் குத்தும், குப்பியிலிருக்கும் வாயு நிறைந்து ஜாக்கெட் உப்பும். படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞாயிறுவரை பொறுக்க முடியாமல் அன்றே குளியலறைக்குள் போட்டுக்கொண்டு நின்று, குவளை குவளையாகத் தலையில் ஊற்றிக்கொண்டேன். நாலு குவளைவரை ஒன்றுமில்லை. ஐந்தாவதில் வெடித்தது. சோப்புத் தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கதவைத் திறந்தால் வெளியே வர முடியவில்லை, ஜாக்கெட் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. மனைவி தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். நானும் நிலைக்குள் மாட்டியபடியே சிரித்தேன். என் வாழ்க்கையின் மிக அழகான பத்து நிமிடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அன்று மாலை ரிவ்யூ எழுதினேன். குளியலறை என்று எழுதினால் யார் படிப்பார்கள்? ஏரியின் நடுவில், பெரிய மீன் ஒன்று இழுத்ததில் படகு சாய்ந்து விழுந்ததாக எழுதினேன். ஐந்தாவது குவளையை ஐந்தாவது நொடி ஆக்கினேன். ஐந்து நட்சத்திரம். இரண்டு வாரத்தில் மூவாயிரத்து நானூறு பேர் 'பயனுள்ளது' என்று அழுத்தினார்கள். ஓர் அப்பா, என் எழுத்தைப் படித்துவிட்டுத் தன் மூன்று பிள்ளைகளுக்கும் வாங்கியதாக எழுதியிருந்தார். அதை ஏழு தடவை படித்தேன். தங்க மீன் இரண்டாகியிருந்தது.

அடுத்த ஞாயிறு படகில் மச்சான் போனை எடுத்து உரக்க வாசித்தார்.

"'அலைகள் என்னை விழுங்க வந்தன.' எந்த அலை மாப்பிள்ளை? குழாயத் தெறந்தா வருமே, அதுவா?"

"உங்க தங்கச்சி சொன்னாளா?"

"சொல்லும்போதே விக்கல் எடுத்துப்போச்சு அவளுக்கு." பிறகு போனைப் பைக்குள் வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "அடுத்த ஞாயிறு வரைக்கும் பாக்கறேன். நீங்களே மாத்திடுங்க. இல்லேன்னா கீழ ஒரு வரி நான் எழுதுவேன். நான் இவரோட மச்சான், இது நடந்தது பாத்ரூம்ல. அவ்வளவுதான்."

"வெளையாட்டுக்குத்தானே சொல்றீங்க?"

"எடையில நான் வெளையாடறதில்ல."

அவர் எழுதிவிடுவார். சித்தப்பாவின் லாரியையே திருப்பியவர். என் இரண்டு மீன்களும் செத்து மிதப்பதை நான் அப்போதே பார்த்துவிட்டேன்.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. எனக்கு ஓர் ஐடியாதான் வந்தது, அது வந்த வேகத்தில் உற்சாகம் தாங்கவில்லை. என்னிடம் குளியலறையில் வெடித்த காலிக் குப்பி இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். அதை மச்சானின் ஜாக்கெட்டில் மாட்டிவிடலாம். ஆனால் ஒரே ஒரு சிக்கல். நிறைந்த குப்பி எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள்: நூற்று நாற்பத்தைந்து கிராம். காலிக் குப்பி நூற்றுப் பன்னிரண்டு. மச்சானோ, ஒவ்வொரு ஞாயிறும் படகு கிளம்புமுன் குப்பியைத் திருகி எடுத்துத் தராசில் வைப்பவர். உலகத்திலேயே அதைச் செய்யும் ஒரே தூண்டில்காரர் அவராகத்தான் இருப்பார்.

முப்பத்து மூன்று கிராம். அதுதான் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது.

பல் அச்சு வார்க்கும் மஞ்சள் மாவு நான் வேலை செய்யும் பட்டறையில் மூட்டையாக இருக்கிறது. அதைத் தண்ணீராகக் கரைத்து, ஊசியால் குப்பியின் ஓட்டை வழியே ஏற்றினேன். சொல்ல எளிது. அந்த மாவு காயக் காய எடை குறையும். திங்கட்கிழமை சரியாக இருந்தது புதன்கிழமை நாலு கிராம் குறைந்துவிட்டது. மறுபடி ஏற்றினேன். வெள்ளிக்கிழமை மதியம் நூற்று நாற்பத்தைந்தில் முள் நின்றது, சனிக்கிழமையும் நின்றது. ஓட்டையின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு துளி வைத்துத் தேய்த்தேன், பல்லுக்கு மெருகு ஏற்றுவதுபோல. வேலை செய்யும்போது பாட்டுப் பாடியதாகப் பக்கத்து மேசைக்காரர் உங்களிடம் சொல்லியிருப்பார். உண்மைதான். இத்தனை வருடத்தில் நான் செய்த மிக நல்ல வேலை அது, யாரிடமும் காட்ட முடியாது என்பதுதான் ஒரே வருத்தம். படகும் ஜாக்கெட்டுகளும் என் வீட்டுக் கொட்டகையில்தான் இருக்கும். மாட்டினேன்.

ஏரியின் நடுவில், மரக்கட்டைகள் முங்கிக் கிடக்கும் இடத்தில் படகைச் சாய்ப்பதாக இருந்தேன். அதற்கு அவசியம் வரவில்லை.

ஞாயிறு காலை நல்ல வெயில். தண்ணீர் முழுக்கச் சில்லறைக் காசு இறைத்த மாதிரி மின்னியது. நடு ஏரியில் மச்சான் மோட்டாரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, தங்கச்சி நேத்து போன் பண்ணா. அந்த ரிவ்யூவத் தெனம் எத்தன தடவ எடுத்துப் பாக்கறீங்கன்னு சொன்னா. கேட்டதுலேர்ந்து மனசு சரியில்ல."

நான் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் எதுவும் எழுதப் போறதில்ல. ஆனா பொய்யும் அப்படியே நிக்கக் கூடாது பாருங்க. அதனால நான் குதிக்கறேன். நீங்க வீடியோ எடுத்துப் போடுங்க. விழுந்தது நான் இல்ல, என் மச்சான்னு ஒரே ஒரு வரி மாத்துங்க. முடிஞ்சுது. உங்க மீனும் பொழைச்சுக்கும், என் மனசும் ஆறும்."

இதை அவர் எவ்வளவு கூச்சத்தோடு சொன்னார் தெரியுமா. லாரிக்காரர்களிடம் மட்டுமே பேசிப் பழகிய மனிதர். எனக்குக் கண் கலங்கியது. அந்த நேரத்தில் உலகமே என்மேல் அன்பாக இருப்பதுபோலத் தோன்றியது.

"மச்சான், உங்களுக்கு நீச்சல் தெரியாதே" என்றேன். இதை நான் சொன்னேன் என்பதை நீங்கள் தவறாமல் பதிவு செய்ய வேண்டும்.

அவர் குப்பியை மறுபடி ஒருமுறை திருகி எடுத்துத் தராசில் வைத்தார். எண் நின்றதும் என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நூத்தி நாப்பத்தஞ்சு. அட்சர சுத்தம். நீச்சல் எதுக்கு?"

தராசைத் துடைத்து, நனையாமலிருக்க என் கையில் கொடுத்தார். ரப்பர் பூட்ஸைக் கழற்றவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பையன்போலக் குதித்தார்.

அந்த வீடியோவை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. படம் எங்கேயும் ஆடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கென்று ஒரு கைப்பிடி வாங்கியிருக்கிறேன், தாராளமாக நாலரை நட்சத்திரம் கொடுக்கலாம். ஐந்தாவது நொடியில் 'டக்' என்று சத்தம் கேட்கும். மாத்திரை கரைந்தது, ஊசி குத்தியது, எல்லாம் சொன்னபடி. மச்சான் மேலே வந்து, "விரியலையே மாப்பிள்ளை" என்றார். பயந்த குரலில் இல்லை, எங்கேயோ எடை தவறுகிறதே என்ற குரலில். வாயால் ஊதி நிரப்ப ஒரு குழாய் உண்டு. அவர் அதை வலது பக்கம் தேடினார். அது இடது பக்கம், உள் மடிப்பில் இருக்கிறது. என் கைக்கெட்டும் தூரத்தில் மூன்றரை மீட்டர் கம்பு கிடந்தது. அன்றுதான் உறையிலிருந்து எடுத்த புதுக் கம்பு.

கரைக்கு வந்து, அவர் நின்றபடி நரம்பு வீசும்போது வழுக்கி விழுந்துவிட்டார், நான் முள் கட்டக் குனிந்திருந்தேன், பார்க்கவில்லை என்றேன். எல்லோரும் நம்பினார்கள். நான் அழுததும் நிஜ அழுகைதான். ஆட்கள் ஏரியில் தேடிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு யாரோ எனக்கு டீ கொடுத்தார்கள். கை சும்மா இருந்தது. போனை எடுத்தேன்.

அங்கேதான் பிடிபட்டேன் என்கிறீர்கள். புதன்கிழமை என் மனைவி அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் உங்களிடம் வந்தாளாம். பார்க்கவில்லை என்று சொன்னவன் இதை எப்படி எழுதினான் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். அவள் கெட்டிக்காரி. அவள் என்னைப் பார்க்க வரமாட்டேன் என்றது மட்டும் எனக்குப் புரியவில்லை, அந்த எழுத்தில் அவளுடைய அண்ணனுக்கு நான் செய்த மரியாதையை அவள் கவனிக்கவில்லை போலும்.

ஏனென்றால், மேடம், அன்று மாலை நான் அலைகளை எடுத்துவிட்டேன். சாய்ந்த படகை எடுத்துவிட்டேன், பெரிய மீனையும்தான். விழுந்தது நான் அல்ல, என் மச்சான் என்று மாற்றினேன். ஜாக்கெட் விரியாததற்கு நட்சத்திரம் குறைக்கவில்லை, அது தயாரித்தவர்களின் தவறு இல்லையே. ஒன்றே ஒன்றுதான் குறைத்தேன். 'வாயால் ஊதும் குழாய் இடது உள் மடிப்பில் மறைந்திருக்கிறது. அவசரத்தில் கைக்கு அகப்படுவதில்லை. நேரில் பார்த்தது. நாலு நட்சத்திரம்.'

நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு வார்த்தைகூடக் கூடுதல் இல்லை. மச்சான் இருந்திருந்தால், தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது மாப்பிள்ளை என்று முதுகில் தட்டியிருப்பார்.