ஒரே மிதியில் நின்ற கார்

என் பெயர் பதிவேட்டில் முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது. தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ‘பிரேக் மாமா’ என்று கேட்க வேண்டும். வயது ஐம்பத்து நான்கு. மரக்கடைக்குப் பின்தெருவில் கீழே பட்டறை, மேலே வீடு. முப்பத்தோரு வருடமாகப் பழைய கார்களின் பிரேக் வேலை மட்டும் செய்து வருகிறேன். இன்று காலை நடந்த மோதல் சம்பந்தமாக விசாரித்ததில் நான் கூறுவதாவது:

பல் டாக்டருக்குச் சொந்தமான, என்னைவிட நான்கு வயது மூத்த கார் சென்ற வாரம் பட்டறைக்கு வந்தது. பிரேக்கை மூன்று முறை மிதித்தால்தான் அது நிற்கும். டாக்டரும் பதினெட்டு வருடமாக மூன்று மிதி மிதித்தே பழகியவர். நான் மாஸ்டர் சிலிண்டரையும் நான்கு சக்கரங்களின் சிலிண்டர்களையும் கழற்றினேன். உள்ளே பழைய பிரேக் ஆயில் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. அதன் பிறகு ஸ்பிரிட் ஊற்றி ஒவ்வொன்றையும் கழுவினேன். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தொடவில்லை, தொட்டால் ரப்பர் ஊதிவிடும் என்பது எனக்குத் தெரியாதா? அதன் பிறகு துருவை நைசான உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, மறுபடி கழுவி, பல்குத்தும் குச்சியால் சின்னத் துளைகளை நோண்டி, விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்து, திருப்தி இல்லாமல் மூன்றாம் முறையும் கழுவினேன். இதைப் பார்த்த என் மனைவி, “ஒரு நாளாவது ஒரு டம்ளரை இப்படிக் கழுவியிருப்பீங்களா?” என்று கேட்டாள். இதையும் எழுத வேண்டும் என்று இங்கே பக்கத்தில் நிற்கும் அவள் சொல்வதால் சொல்கிறேன்.

அதன் பிறகு புது ரப்பர்களைப் பிரேக் ஆயிலில் நனைத்துப் போட்டு, எல்லாவற்றையும் பூட்டி, குழாய்களில் சிக்கிய காற்றை எடுத்தோம். மனைவி உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நான் கீழே படுத்துச் சக்கரம் சக்கரமாகத் திருகைத் திறந்து, குமிழி வருவது நிற்கும்வரை ஆயிலை வெளியேற்றினேன். அதன் பிறகு தெருவில் ஓட்டிப் பார்த்தேன். ஒரே மிதி. வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மரக்கடைக்காரர், தையல்காரர், என் மச்சான் எல்லாரையும் கூப்பிட்டு ஏழு முறை நிறுத்திக் காட்டினேன். எல்லாரும் வண்டிக்கு முன்பக்கம்தான் நின்றார்கள். பின்பக்கம் ஒருவரும் நிற்கவில்லை.

வண்டியைக் கொடுக்கும்போது டாக்டரிடம், “இனிமே ஒரு மிதிதான் சார், அதுவும் மெதுவா” என்றேன். “தெரியும் மாமா, பல்லு பிடுங்குறவனுக்கு எவ்வளவு அழுத்தணும்னு தெரியாதா?” என்றார்.

இன்று காலை ஒன்பதரை மணிக்குப் பள்ளிக்கூடத் திருப்பத்தில் நாய் ஒன்று குறுக்கே வந்ததாகவும், டாக்டர் பழைய பழக்கத்தில் ஓங்கி மிதித்ததாகவும், இரண்டாவது மிதிக்குக் காலைத் தூக்குவதற்குள் கார் நின்றுவிட்டதாகவும், பின்னால் வந்த ரொட்டி வேன் இடித்ததாகவும் அறிகிறேன். யாருக்கும் அடியில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது நாய் ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்ததும், “மாமா, உங்க பிரேக்கு காலை வாரிடுச்சு” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நிக்கலைன்னா திட்டலாம் சார். நின்னதுக்கா திட்டுவீங்க?” என்றேன். வேன் ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறதாம். பின்னால் இடித்தவன்மேல்தான் தப்பு என்று பேக்கரி முதலாளி போனிலேயே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். “முன்னாடி போன கார்ல பின் வெளக்கே எரியலண்ணே” என்று ஓட்டுநர் என்னிடம் சொன்னார். சாக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

அதன் பிறகு காரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்து, பிரேக்கைப் பரிசோதிக்கும்படி அதிகாரி சொன்னார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் முன்மூடியைத் திறந்தேன். மாஸ்டர் சிலிண்டரின் முனையில், பிரேக்கை மிதித்ததும் பின் விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் இருக்கிறது. அதில் மாட்ட வேண்டிய ஒயர், ஆயில் படாமலிருக்க நானே துணி சுற்றி ஓரமாகக் கட்டிவைத்த இடத்திலேயே இருந்தது. ஒரே மிதியில் நின்ற குஷியில் அதை மறந்தே போயிருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதிகாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மாட்ட இரண்டு நொடி போதும். என் கை அதற்குப் போனதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பக்கத்தில் நின்ற மனைவி, “கட்டுனது நீங்கதானே, நீங்களே சொல்லிடுங்க” என்றாள்.

ஒயரைத் தொடாமல் அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதன் பிறகு அவர் முன்னிலையில் அதை மாட்டி, வேன் ஓட்டுநரைக் காருக்குப் பின்னால் நிற்கவைத்து மிதித்தேன். “எரியுதுண்ணே, எரியுது” என்றார். காலையிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

விளக்கு எரியாதது என் தவறு. அவர் குற்றவாளி அல்ல. இதைப் பேக்கரி முதலாளிக்குப் போனில் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. ‘பழுதான பிரேக்’ என்று ஓரிடத்தில் இருந்தது. அதை அடித்து, ‘பிரேக் நன்றாக உள்ளது, ஒயர்தான் மாட்டப்படவில்லை’ என்று எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அதிகாரி அப்படியே எழுதினார். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பிரேக் மாமா

சாட்சிகள்:
1. மேற்படியாரின் மனைவி.
2. மேற்படி வேனை ஓட்டியவர். தொழில் என்ற இடத்தில் முதலில் எழுதிய ‘இல்லை’ என்ற சொல், முதலாளியிடம் போனில் வாசித்துக் காட்டிய பின் அடிக்கப்பட்டு, ‘ரொட்டி வேன் ஓட்டுநர்’ என்று திருத்தப்பட்டது.