நாணு காபி ஷேர் விழுந்த வியாழக்கிழமை

...ஏக்தம் பொய்! டிவியில கோட்டு போட்டுண்டு உட்கார்ந்து சொல்றதெல்லாம் சுத்தப் பொய்! கூரியர்காரன் என்கிட்ட விட்டுட்டுப் போன உன் பார்சல் இதோ இருக்கு ஹரிதா, எடுத்துக்கோ. ஆனா உட்காரு. புதுசா குடிவந்த பொண்ணு, உனக்கு இதெல்லாம் யார் சொல்லுவா?

நேத்திக்கு நியூஸ் பார்த்தியோ? ஒண்ணாவது நல்ல சேதியா? பெட்ரோல் ஏறிடுத்து, மார்க்கெட் எழுநூறு பாயின்ட் இறங்கிடுத்து, சுனாபட்டியில தண்டவாளத்துல தண்ணி, ஹார்பர் லைன் ரயில் பந்த். எங்காத்து மாமா பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "அகிலாண்டம், இன்னிக்கு எதையும் தொடாதே"ன்னார். இருபத்தெட்டு வருஷம் ரயில்வே கிளார்க். அவருக்கென்ன தெரியும் ஷேரைப் பத்தி!

காபிப்பொடி வாங்கப் போறேன்... நாணு காபி கடை பூட்டிக் கிடக்கு! எட்டு மணிக்கு! மாட்டுங்கா முழுக்க வெள்ளம் வந்தப்பகூட மூடாத கடை. சின்னக் கம்பெனிதான், ஆனா மார்க்கெட்ல ஷேர் இருக்கு. எங்க பஜனை மாமிகள் பதினாலு பேர்கிட்டயும் இருக்கு. வாங்கச் சொன்னதே நான்தான். அப்ப விக்கச் சொல்றதும் நான்தானே? பஜனை குரூப்ல மெசேஜ் போட்டேன்: "கடை பூட்டியாச்சு. கம்பெனி கதை முடிஞ்சுது. ஒன்பதே காலுக்கு மார்க்கெட் திறந்ததும் எல்லாரும் வித்துடுங்கோ."

வித்தா. ஒரு நாளைக்கு நூறு ஷேர் கைமாறினாலே ஜாஸ்தி அதுல. பதினாலு பேரும் சேர்ந்தாப்பல தள்ளினா? சர்ருனு இறங்கித்து. பத்தரைக்கு டிவியில அந்தக் கோட்டுக்காரன் வந்து, உள்ளே நடக்கறது தெரிஞ்சவாதான் விக்கறாங்கறான். நான் பாதிதான் வித்திருந்தேன். பயந்துபோய் மிச்சத்தையும் தள்ளினேன். அந்தத் தெரிஞ்சவா நாங்கதான்னு எனக்கெப்படித் தெரியும்? அவன்னா சொல்லணும்!

பதினோரு மணிக்கு நாணு வந்து ஷட்டரைத் தூக்கறான். நெத்தி நிறைய விபூதி, காலர்ல எட்டிப் பார்க்கறது புதுப் பூணூல். "என்னடா ஆச்சு?"ன்னேன். "இன்னிக்கு எங்களுக்கு ஆவணி அவிட்டம் மாமி, நாங்க சாமவேதம்"ங்கறான். எங்காத்துல யஜுர்வேதம், பூணூல் மாத்தறது முன்னாடியே ஆயிடுத்து. சாமவேதக்காராளுக்கு வேற நாள்னு எனக்குத் தெரியாதா? பேஷாத் தெரியும். அந்த நேரத்துல தோணலே... இன்னிக்கு விலை பழையபடி ஏறிடுத்து. யாரோ தாணேக்காரன் எல்லாத்தையும் சல்லிசா வாங்கிண்டானாம். அவன் நன்னா இருக்கட்டும்!

இந்த மாமிகள் பண்ணின காரியம் கேளு. ராத்திரியோட ராத்திரியா என்னைக் குரூப்லேர்ந்து தூக்கிட்டா! ஆரம்பிச்சதே நான்! வந்தனா மாமியையும் அட்மினாப் போட்டது என் புத்தி, அவதான் தூக்கியிருப்பா. பன்னெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை நாலு மணி பஜனை இந்தக் கூடத்துலதான். ஜமக்காளம் விரிச்சாச்சு. மணி நாலாகப் போறது, ஒருத்தியையும் காணோம். பணம் இன்னிக்குப் போனா நாளைக்கு வரும்... சரி, அவா பணம், நான் அப்படிச் சொல்லப்படாது. ஆனா பஜனைக்கு வராம இருந்துடுவாளா? நீயே சொல்லு.

உன்னைப் போன வாரம்தானே குரூப்ல சேர்த்துவிட்டேன்? நீ இன்னும் உள்ளதானே இருக்கே? போனைக் கொஞ்சம் காட்டு... அரே, ஏன் பின்னாடி ஒளிக்கறே? குடு, தின்னுட மாட்டேன்... ம்... "இன்று பஜனை அஞ்சாம் மாடி, 502-ல்." 502-ல யாரு? அது ரொம்ப நாளாப் பூட்டியிருந்த வீடாச்சே, போன மாசம்தானே அங்க...

ஹரிதா?

இருடி! லிஃப்டுக்குக்கூட நிக்காம படியேறி ஓடறியே! நான் கடைசி வரிசையில உட்கார்ந்துக்கறேன்னு சொல்லு அவாகிட்ட! பாட்டுக்கு மட்டும்தான் வாயைத் திறப்பேன்னு சொல்லு!