நோரிஸ் கோப்பையும் மில்ட்ரெட்டும்

வீட்டில் வார்த்த ஈயக்குண்டு சுட எந்தத் துப்பாக்கி பிடிக்கும் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பதில் முடியும்வரை யாரும் உட்கார்ந்திருந்ததில்லை. நீங்கள் ஷெரீப் ஆபீஸ் டெபுடி. பேச்சுக் கொடுப்பதற்காகத்தான் கேட்டீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் இந்த அறையிலிருந்து உங்களால் எழுந்துபோக முடியாது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். காபிக்கு நன்றி.

என்னிடம் மூன்று துப்பாக்கிகள். மூன்றுக்கும் என் அத்தைமார்களின் பெயர். கைத்துப்பாக்கி பேர்ல். எந்த ஈயத்தை எப்படி ஊற்றிக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் சுடும். லீவர் வைத்த துப்பாக்கி எட்னா. நாலு குண்டு போனதும் குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளும், பிறகு சொன்ன பேச்சு கேட்காது. மூன்றாவது மில்ட்ரெட். காட்டெருமை சுட்ட காலத்து வகை. சுண்டுவிரல் நுழையும் குழல், ஒரு நேரத்தில் ஒரே தோட்டா. அவளுக்கு எதுவும் பிடிக்காது. ஈயம் கெட்டியாக இருந்தால் குண்டை இடப்பக்கம் தள்ளுவாள், இளகியிருந்தால் வலப்பக்கம். எனக்குப் பிடித்தது மில்ட்ரெட்தான். படுத்துகிற ஆளிடம்தான் மனசு போய் ஒட்டிக்கொள்கிறது.

கடையில் குண்டு வாங்குகிறவனை, பேட்ஜர் கூலி என்ற எங்கள் ஊரின் துப்பாக்கிச் சங்கத்தில் யாரும் திட்டுவதில்லை. பக்கத்தில் உட்காரமாட்டோம், அவ்வளவுதான். டயர் கடைகளில் சக்கரம் ஆடாமலிருக்க ஓரத்தில் அடிக்கிற ஈயக்கட்டிகள் இருக்கின்றனவே, கழற்றிப்போட்டதை வாளி வாளியாகக் கொண்டுவந்து உருக்குவோம். அந்த ஈயத்தை மட்டும் அச்சில் ஊற்றினால் மூலைகள் நிரம்பாது. ஓரம் மழுங்கின குண்டுதான் கிடைக்கும். கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் தண்ணீர்போல ஓடி ஒவ்வொரு வரியையும் நிரப்பும். பிரச்சினை எல்லாம் அந்தக் கொஞ்சத்தில்தான். வெள்ளீயம் எங்கே இருக்கிறது? பழைய வீட்டுச் சாமான்களில் இருக்கிறது.

இது என் மனைவி ஆர்லிஸுக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில்.

"டெல்பர்ட், உப்பு டப்பா எங்க?"

"ரேஞ்சுல, குறிசுடுற எடத்துல இருக்கு."

"அங்க எதுக்கு எடுத்துட்டுப் போன?"

"எடுத்துட்டுப் போகல. சுட்டேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க அக்கா கல்யாணத்துக்குக் குடுத்த மெழுகுவத்தி ஸ்டாண்டு?"

"அதுவும் உப்பு டப்பாகூடத்தான். ரெண்டும் ஒரே ஓட்டைல போச்சு, ஆர்லிஸ். நீ பாத்திருக்கணும்."

அவள் பார்க்கவில்லை என்பது மட்டுமல்ல, சமையலறையில் எனக்கு வேண்டிய இன்னொரு பொருளையும் தன் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். காலைக் கஞ்சிக்கான கோதுமை ரவை. உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். மில்ட்ரெட்டின் தோட்டாவுக்குப் பித்தளைக் கூடு பெரியது. அதில் நாங்கள் போடும் வெடிமருந்து கொஞ்சம். மீதி இடம் காலியாக இருந்தால் மருந்து உள்ளே இங்குமங்கும் உருளும். ஒரு குண்டு மேலே போகும், அடுத்தது கீழே. அதனால் அந்த இடத்தைக் கோதுமை ரவையால் நிரப்பி, அதன்மேல் குண்டை வைத்து அழுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த ஊரில் பாதிக் கஞ்சி அப்படித்தான் போகிறது.

சர்ச்சின் சாமான் எதையும் நான் தொட்டதில்லை. அங்கிருந்த மெழுகுவர்த்தி ஸ்டாண்டைக் கையில் எடுத்து எடை பார்த்தது உண்மை. திரும்ப வைத்துவிட்டேன். எனக்கென்று சில கொள்கைகள் உண்டு.

இனி கோப்பை. எங்கள் சங்கத்தைத் தொடங்கிய நோரிஸ் க்வாலே கொடுத்தது அது. மூடியும் இரண்டு கைப்பிடியும் உள்ள, நல்ல கனமான வெள்ளீயக் கோப்பை. வருஷாந்தரப் போட்டியில் ஜெயிக்கிறவர் அடுத்த போட்டிவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அது வருஷக்கணக்காக என் பக்கத்து வீட்டுக்காரர் மெர்ல் வீட்டு டிவிக்கு அருகில் இருந்தது. என் வீட்டில் ஒருநாள்கூட இருந்ததில்லை. மெர்ல் மோசமான ஆள் இல்லை. ஆனால் வேலியோரம் வந்து நின்றால் வாய் சும்மா இருக்காது.

"டெல்பர்ட்டு, கோப்பைய பாலிஷ் போடணும். உங்கிட்ட நல்ல துணி ஏதாச்சும் இருக்கா? உனக்குத்தான் தொடைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லியே, துணியெல்லாம் புதுசாவே இருக்குமே."

அன்று நான் அழுதேன். தக்காளிச் செடிகளுக்குப் பின்னால் போய், எழுபதை நெருங்கும் வயதில், நின்று அழுதேன். ஒரே ஒரு தடவை ஜெயித்தால் போதும் என்றிருந்தது. அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

போட்டிக்குச் சில வாரம் முன்னால் மெர்ல் மகளைப் பார்க்க பில்லிங்ஸ் நகரத்துக்குப் போனார். பூனைக்குச் சோறு வைக்கச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். நான் பூனைக்கு ஒருவேளைகூடச் சோறு தவறவிடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சோறு வைத்துவிட்டுக் கோப்பையைக் காதருகே வைத்து ஒரு கைப்பிடியை மெல்ல வளைத்தேன். நல்ல வெள்ளீயத்தை வளைத்தால் முனகும். அது முனகியது.

என் நியாயம் எளிமையானது. அந்த வெள்ளீயம் இருந்தால் மில்ட்ரெட் தோற்கமாட்டாள். மில்ட்ரெட் ஜெயித்தால் கோப்பை என்னுடையது. ஆகவே நான் எடுத்தது என் கோப்பையைத்தான், சில வாரம் முன்னதாக. இதில் ஓட்டை எங்கே என்று ஆர்லிஸையும் கேட்டேன். அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோப்பை காலியாக இல்லை என்பதைச் சொல்லவேண்டும். அதற்குள் நோரிஸ் இருந்தார்.

தன்னை எரித்துச் சாம்பலைக் கோப்பையில் போட்டு, ஜெயிக்கிறவர் வீட்டில் வைக்கவேண்டும் என்பது அவர் கடைசி ஆசை. பாவம், உயிரோடு இருந்தவரை அவரும் அந்தப் போட்டியில் ஜெயித்ததில்லை. அவர் மனைவி வெர்னா ஒவ்வொரு போட்டிக்கும் வருவாள். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வருஷம் யாருக்குக் கல்யாணம், யார் டிராக்டரை வாய்க்காலில் இறக்கினார்கள் என்று எல்லாம் அதனிடம் சொல்வாள். அதனால் நான் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டேன். ஒரு காபி டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, நோரிஸை அதற்கு மாற்றினேன். மெர்ல் வீட்டில் கோப்பை இருந்த இடத்தில் மூடி போட்ட எங்கள் ஐஸ் வாளிக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து வைத்தேன். மெர்லுக்குக் கண்ணில் புரை. எடைக்காக உள்ளே, பூனை கழிப்பதற்குப் பெட்டியில் போடுவார்களே, அந்தப் பூனை மண் போட்டேன். புதியது, பிரிக்காத பையிலிருந்து.

கோப்பை உருகி ஈயத்தில் கலந்த அழகை நான் சொல்லமாட்டேன்; சொன்னால் என்னைக் கல்மனசுக்காரன் என்பீர்கள். குண்டுகள் கண்ணாடிபோல வந்தன. தோட்டா கட்ட உட்கார்ந்த பிறகுதான் வீட்டில் கோதுமை ரவை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. விடிந்தால் போட்டி. கடை மூடியாகிவிட்டது. அலமாரியில் அந்தக் காபி டப்பா இருந்தது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள், டெபுடி. எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சலித்தேன். வெர்னாவின் கணவரைச் சலிக்காமல் போடுகிற ஆள் இல்லை நான். ஒவ்வொரு கூட்டிலும் மருந்துக்குமேல் ஒரு கரண்டி, தலைதட்டி. கோதுமை ரவையைவிட நன்றாகவே அமுங்கினார். போட்டிக்கு எவ்வளவு ஆசைப்பட்ட மனிதர் என்று நினைத்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த கூட்டை எடுத்தேன்.

மில்ட்ரெட் அன்று சுட்டதுபோல் எந்தத் துப்பாக்கியும் சுட்டு நான் பார்த்ததில்லை. என் குண்டுகள் அத்தனையும் என் உள்ளங்கையால் மூடக்கூடிய இடத்தில் விழுந்தன. மெர்ல் என் இலக்கு அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு வந்து என் கையைப் பிடித்தார்.

"ஜெயிச்சிட்டய்யா. வயிறு எரியுது, ஆனா ஜெயிச்சிட்ட. என்ன போட்டுச் சுட்ட?"

"வீட்டுச் சாமான்தான்" என்றேன்.

கோப்பையை எனக்குக் கொடுக்க வெர்னாவைக் கூப்பிட்டார்கள். அவள் அதை மடியில் தூக்கி வைத்தாள். முகம் மாறியது.

"மெர்லு, இவரு இளைச்சிட்டாரே. நீ வீட்ட ரொம்பச் சூடா வெச்சிருந்தியா?"

வழக்கப்படி மூடியில் முத்தம் கொடுத்தாள். உதட்டில் பெயின்ட் ஒட்டியது. மூடி நழுவிக் கீழே விழுந்தது. பூனை மண் அவள் பாவாடையெல்லாம் கொட்டியது. வீட்டுச் சாவி வாங்கியிருந்த என்னை மெர்ல் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்வது என் வழக்கம் இல்லை. அதனால் இப்போது உங்களிடம் சொன்னதுபோலவே வரிசையாகச் சொன்னேன். முதலில் கைப்பிடி முனகியதைச் சொன்னேன்.

வெர்னா கடைசிவரை கேட்டாள். "அப்ப என் புருஷன் எங்க, டெல்பர்ட்டு?"

நான் இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைக் காட்டினேன். "கொஞ்சம் புகையாவும் போயிருப்பாரு."

"கஞ்சி ரவைக்குப் பதிலா என் புருஷனப் போட்டுச் சுட்டியா?"

"சலிச்சிட்டுத்தான் போட்டேன், வெர்னா."

அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. என் இலக்கு அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஓட்டைகளை விரலால் தடவினாள். "நேத்து அவரு பொறந்தநாளு" என்றாள். "இங்க வந்ததும் அவருகிட்ட சொல்லணும்னு இருந்தேன்." பிறகு அழ ஆரம்பித்தாள். சங்கத்து ஆட்கள் மண்வெட்டியோடு மேட்டுக்குப் போனார்கள். மெர்ல் உங்களுக்குப் போன் செய்தார். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அது என் மனசைப் பிசைகிறது. அதனால்தான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன்.

உங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் பையில் இருப்பவை என் மிச்சத் தோட்டாக்கள். நோரிஸில் மீதி இருப்பது அவ்வளவுதான். வெர்னா அவரைத் திரும்பக் கேட்கிறாள், கேட்பது நியாயம். குண்டைப் பிடுங்கி உள்ளே இருப்பதைக் கொட்டிக் கொடுக்கலாம் என்று மெர்ல் சொல்வார். கேட்காதீர்கள். மருந்தும் நோரிஸும் ஒன்றாகக் கலந்திருப்பார்கள். ஒரு விதவையிடம் வெடிமருந்தைக் கொடுத்து மாடத்தில் வைத்துக்கொள் என்று சொல்வது சரியில்லை. மரியாதையான வழி ஒன்றுதான்: அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில், அவள் கண்முன்னால், அவரைச் சுட்டு அனுப்புவது. அந்தத் தோட்டாக்கள் பேர்லுக்கும் எட்னாவுக்கும் பொருந்தாது. மில்ட்ரெட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். மில்ட்ரெட்டும் என்னைத் தவிர யார் கைக்கும் ஒழுங்காகச் சுடமாட்டாள்.

ஆகவே அந்தச் சுவரில் சாய்த்து, சாட்சிப்பொருள் என்று சீட்டு கட்டி வைத்திருக்கிறீர்களே, அந்த மில்ட்ரெட்டை எனக்கு ஒரு மதியம் மட்டும் கொடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை, முழுக்க முழுக்க வெர்னாவுக்காகத்தான். இலக்கு அட்டையை நானே கொண்டுவந்துவிடுகிறேன்.