ஒழுகுற இடம்

— இன்னும் காருக்கு அடியிலதான் கிடக்கீங்களா? ஒழுகுற இடம் கிடைச்சுதா இல்லையா?

— கத்தாத. வாட்டர் பம்ப்தான் போயிருக்கு.

— காலையில ரேடியேட்டர்ல ஓட்டைன்னீங்க.

— அது காலையில.

— நேத்து மூடி சரியில்லைன்னு புது மூடி வாங்கிட்டு வந்தீங்க.

— பழைய வண்டிடி... ஒண்ணு மாத்தி ஒண்ணு வரத்தான் செய்யும்.

— ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டா கிரீடம் கீழ விழுந்துடுமா?

— இந்த வண்டி மேல இதுவரைக்கும் வேற ஒருத்தன் கை வச்சிருக்கானா?

— பெருமைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நாளைக்குப் பொண்ணையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வரணும். டாக்ஸி சொல்லிடலாம்னா...

— என் பேத்தி முதல் தடவை வீட்டுக்கு வர்றா. எவனோ ஓட்டுற வண்டியில வரணுமா? நான்தான் ஓட்டுவேன்.

— ஓட்டுவீங்க, ஓட்டுவீங்க!

— டார்ச்சை இப்படி அடி... அங்க இல்லடி, நேரா.

— நேராத்தான் அடிக்கிறேன்.

— வெளிச்சமே பத்தல. பேட்டரி தீர்ந்துடுச்சு போல.

— இப்பத்தான் புதுசு போட்டேன்.

— சரி, இன்னும் கிட்டக் கொண்டு வா.

— கீழ விரிச்ச அட்டை நனைஞ்சிருக்கா?

— இல்லையே. காஞ்சுதான் கிடக்கு.

— தொட்டுப் பாருங்க.

— அட...

— என்ன?

— ஈரம்தான்.

— ரேடியேட்டர் தண்ணி பட்டுப் பச்சைப் பசேல்னு நனைஞ்சிருக்குங்க! அதுக்கு நேர் மேல பாருங்க.

— பாக்குறேன்ல. ஹோஸ் இருக்கு.

— ஹோஸ்ல?

— ஹோஸ்ல ஒண்ணும் இல்ல. கிளிப்பெல்லாம் கச்சிதமா இருக்கு. நான் மாட்டினது, அவ்வளவு சுலபத்துல...

— வெளிய வாங்க.

— இருடி, பம்ப்பை ஒரு தடவை...

— உயிரை வாங்காதீங்க. வெளிய வாங்கன்னா வாங்க!

— வந்துட்டேன்... என்ன இப்ப?

— எவ்வளவு நாளா இப்படி?

— வண்டியா? நேத்துக் காலையிலேர்ந்து...

— வண்டியைக் கேக்கல. கண்ணைக் கேக்குறேன்.

— கண்ணுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு.

— சொல்லுங்க.

— கொஞ்ச நாளா... எதைப் பாத்தாலும் நடுவுல புகை மூட்டமா இருக்கு. டாக்டர்கிட்ட போனா வண்டியைத் தொடாதன்னுடுவான்டி. குழந்தையை ஒரே ஒரு தடவை கொண்டு வந்து வீட்டுல சேர்த்துட்டு...

— பிறந்த குழந்தையை வச்சுக்கிட்டா? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?

— மெதுவாப் போவேன்டி... சரி, கோவிச்சுக்காத. டாக்ஸியே சொல்லு. ஆமா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— அந்த ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி விட்டதே நான்தான். தளர்த்திட்டு, அதுலயே என் சிவப்புத் துப்பட்டாவைக் கிழிச்சு முழ நீளத்துக்குத் தொங்க விட்டிருக்கேன். நேத்துலேர்ந்து அதை விலக்கி விலக்கி விட்டுட்டுல்ல தேடிட்டு இருக்கீங்க!